பொன்மேட்டுக்கு வழி சொன்ன நாள்

1

ஊரில் மழை பிடித்துக்கொண்டது என்று அக்கா நேற்று போனில் சொன்னாள். இங்கே மெல்போர்னில் வெயில் காலம் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார். நான் துணி காயப்போட்டுக்கொண்டே, அங்கே எந்த ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் மழை என்று அக்கா சொன்னால், "கொஞ்சம் இங்கயும் அனுப்புக்கா" என்று சிரிப்பேன். போன வருடத்து மழைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அப்போது நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது மழை மறுபடியும் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் பெயர் கோகிலா. புத்தூர் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரி படித்தது திருப்பதியில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் மேசையில் இருக்கிறேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. ஒரே மகள் தாரா, பதினைந்து வயது.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டபோது, பிறந்த மாவட்டம் எது என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். பிறப்புச் சான்றிதழில் சித்தூர் என்று இருக்கிறது. இடையில் மாவட்டத்தைப் பிரித்து எங்கள் ஊரைத் திருப்பதியோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இன்னொரு காகிதத்தில் திருப்பதி என்று இருந்தது. "இதில் எது சரி?" என்றார். "இரண்டும்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அடுத்த கேள்வி, ஆந்திராவில் பிறந்தவருக்கு எப்படித் தமிழ் தாய்மொழி ஆகும் என்பது. அதற்குப் பதில் சொல்வதற்குள் எனக்கே நான் எந்த ஊர்க்காரி என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

2

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. இல்லாத நாடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் ஏழ்கரை. அதற்கு ராணி உண்டு, நிலவரி உண்டு, திருவிழா உண்டு, பேசும் ஆமைகள் உண்டு. கதைகளாக எழுதி இணையத்தில் போடுவேன். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் விடாமல் படிப்பவர்கள்.

தாரா வயிற்றில் இருந்தபோது தொடங்கியது இது. கணவர் வேலைக்குப் போய்விடுவார். பேச ஆள் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி கூரைகள். ஒரு நாள் சும்மா இருந்த கை, காகிதத்தில் எங்கள் பக்கத்தை வரைந்தது. திருச்சானூர்க் கோயில், ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் முனை, அதைத் தாண்டி என் கல்லூரித் தோழி விஜயாவின் வீட்டு மாந்தோப்பு, தோப்புக்கு மேற்கே கொண்ட செருவு என்கிற பெரிய ஏரி. அப்படியே வரைந்தால் அழுகை வந்தது. அதனால் கோயில் இருந்த இடத்தில் ஒரு கோட்டையை வைத்தேன். ஆட்டோ முனையில் யானைக் கொட்டடி வைத்தேன். அழுகை நின்றது. ஏழ்கரை பிறந்தது அப்படித்தான்.

கற்பனை நாடு கட்டுகிறவர்கள் கூடிப் பேசும் இடங்கள் இணையத்தில் இருக்கின்றன. அங்கே எல்லோரும் முதலில் கேட்பது, உன் நாட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதுதான். டிராகன் பறந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆறு மேட்டில் ஏறினால் விடமாட்டார்கள். அதனால் ஏழ்கரையின் மேடு பள்ளங்களை வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி வரைந்தேன். ஓர் ஓடையைத் திருப்புவேன். ஒரு குன்றை நகர்த்துவேன். அடுக்களையில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நான் ஏரிக்கரையின் உயரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

தாரா சின்னவளாக இருந்தவரை ஏழ்கரை எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்தது. தூங்கும் முன் கதை சொல்லச் சொல்வாள். "அந்த ஆமை இப்போ இன்னா பண்ணிக்கினு இருக்குதும்மா?" என்று என் பேச்சையே பேசுவாள். பிறகு பள்ளிக்கூடம் அவளை எடுத்துக்கொண்டது. "இருக்குது" முதலில் போனது, அப்புறம் ஒவ்வொன்றாக. இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். என் கதைகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பதாக ஒருமுறை சொன்னாள். படிக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் செயலி 'மதகு' என்பதை என்னவென்று காட்டியது என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

3

அக்கா பெயர் முனிலட்சுமி. போன வருடம் புத்தூர் வீட்டைக் கொடுத்துவிட்டு, திருச்சானூரைத் தாண்டி ஒரு மனையில் வீடு கட்டிக் குடிபோனாள். மாமா லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியூர். எங்கள் நைனா, அதாவது அப்பா, அக்காவோடு இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நான்கு கால் வைத்த ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வீடு இன்னும் முடியவில்லை. மேலே தளம் போடாமல் தகரம் போட்டிருந்தார்கள்.

அன்று சனிக்கிழமை. இங்கே மத்தியானம், அங்கே காலை. மூன்று நாளாக விடாத மழை என்று அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள். போன் வந்தபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, ஊட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது." அக்காவின் குரலுக்குப் பின்னால் தகரத்தின் மேல் மழை கொட்டும் சத்தம். "கட்டில் கால் முழுகிப்போச்சி. செருவுக் கரை ஒடையப்போவுதுன்னு ஜனங்க சொல்றாங்க. எல்லாரும் பொறப்பட்டுட்டாங்க."

"மாமா?"

"அவுரு ஓசூர்ல மாட்டிக்கினு கீறாரு. நானும் நைனாவும்தான். ஸ்கூட்டி கீது. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. நான் இங்க வந்து எத்தினி நாளாச்சி, மெயின் ரோட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீதானே இங்கெல்லாம் சுத்தினவ, சொல்லு."

மனம் தெளிவாக இருந்தது. கண்ணை மூடினால் அந்த நிலம் முழுவதும் தெரிந்தது. கிழக்கே மெயின் ரோடு, அதற்கு முன்னால் தாழ்ந்த சின்னப் பாலம். தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் ஏறும்.

"ரோட்டுப் பக்கம் போவாதே. பாலத்தாண்ட தண்ணி இழுக்கும். பின்பக்கமா மேற்கே போ. மாந்தோப்பு வரும். அதைத் தாண்டினா ஒரு மேடு. மேல மண்டபம் இருக்கும். அங்க தண்ணி ஏறாது."

"மேற்காலயா? செருவு அந்தப் பக்கந்தானே?"

"செருவுக்கு இந்தாண்டயே மேடு வந்துடும்க்கா. நான் அந்த மண்டபத்துல உக்காந்து மாங்கா துன்னுருக்கேன். பயப்படாம போ."

"நெஜமா?"

"நெஜமா."

பின்னால் நைனாவின் குரல் கேட்டது. "யாரு, பாப்பாவா? அது சொன்னா சரியா இருக்கும். கெளம்பு."

போன் நின்றது.

4

தாரா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசுவதுதான் போயிற்று, கேட்டால் இன்னும் புரிகிறது.

"பெரியம்மா எங்கம்மா போறாங்க?" என்று ஆங்கிலத்தில்தான் கேட்டாள்; அவள் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

"பொன்மேட்டுக்கு" என்றேன்.

அந்தப் பெயர் தானாக வாயில் வந்தது. நான் கவனிக்கவில்லை. தாராதான் கவனித்தாள். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா. பொன்மேடு நம்ம ஸ்டோரில இருக்கறது."

"இல்லடி, அது நெஜமாவே..."

"அம்மா, அது நான் வெச்சது. என் தம்ப்."

எழுந்து போய் என் அறையிலிருந்து ஏழ்கரையின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். மாந்தோப்புக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு நீல நிறக் கட்டைவிரல் ரேகை. அதைச் சுற்றி என் கையெழுத்தில் 'பொன்மேடு'.

அப்போது நினைவு வந்தது. அவளுக்கு ஏழோ எட்டோ வயது. ஏழ்கரையின் ஏரி உடையும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எல்லாரும் எங்கம்மா ஓடுவாங்க?" என்று கேட்டாள். வரைபடத்தில் ஓட இடம் இல்லை, எல்லாம் தாழ்ந்த நிலம். அப்படியானால் எல்லோரும் செத்துவிடுவார்களா என்று உதடு பிதுங்கியது. பிறகு என் ஸ்டாம்ப் மையில் கட்டைவிரலை அழுத்தி, அந்த இடத்தில் வைத்து, "இங்க ஓடட்டும்" என்றாள். ரேகையின் வளையங்கள் மேட்டைச் சுற்றிய பாதை போலவே இருந்தன. நான் அதன் உச்சியில் ஒரு மண்டபம் வரைந்தேன்.

அக்காவையும் நைனாவையும் நான் அங்கேதான் போகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றது எனக்கு நினைவிருக்கிறது. விஜயா உப்பும் மிளகாய்த்தூளும் மடித்துக் கொண்டுவந்த காகிதம், ஏரியிலிருந்து வந்த காற்று, பாவாடையில் ஒட்டிய ஈர மண், எல்லாம் நினைவிருக்கிறது. இதில் எது நடந்தது, எது நான் கட்டியது? மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கும் தரையே நான் வரைந்ததோ என்று தோன்றியது.

தாரா அதற்குள் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவிட்டாள். அக்கா வீட்டைக் கண்டுபிடித்து மேற்கே நகர்த்தினாள். மாந்தோப்பே இல்லை. சதுரம் சதுரமாக மனைகள். அதற்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை. நடுவில் மேடு என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

உடையப்போகிற ஏரியை நோக்கி அவர்களை அனுப்பிவிட்டேன்.

5

அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகத் தெலுங்கில் ஒரு குரல் சொன்னது. திரும்ப அடித்தேன். அதே குரல். மாமாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தாரா வெள்ள உதவி எண்ணைத் தேடிக் கொடுத்தாள். அதைச் சித்தூரில் எடுத்தார்கள்.

"செப்பண்டம்மா, ஏ ஊரு?" எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார்.

எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். பத்தாவது வரை அதில்தான் படித்தேன். ஆனால் அன்று வாயைத் திறந்தால் முதலில் ஆங்கிலம் வந்தது, பிறகு தமிழ் வந்தது. அந்த மனிதர் பொறுமையாகத்தான் இருந்தார். திருச்சானூர் பக்கம் என்று புரியவைத்ததும், அது இப்போது திருப்பதி மாவட்டம் என்று வேறு எண் கொடுத்தார். அங்கே ஒரு பெண் எடுத்தாள்.

"ஏ செருவம்மா?" எந்த ஏரி என்று கேட்டாள்.

"ஏழ்கரை ஏரி" என்றேன்.

"ஏமி பேரு?"

"ஏழ்கரை... பொன்மேடு பக்கம்..."

"ஆ பேருதோ செருவு லேதம்மா." அந்தப் பெயரில் ஏரியே இல்லையாம். அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். உண்மையான பெயர் வரவில்லை. வருடக்கணக்கில் விஜயாவோடு அதன் கரையில் நடந்திருக்கிறேன், அதன் பெயர் வரவில்லை. தாராவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டி, போனுக்கு அருகில் குனிந்து, "கோண்டா செருவு" என்று ஆங்கில உச்சரிப்பில் சொன்னாள்.

"ஆ, கொண்ட செருவா" என்றாள் அந்தப் பெண். குரல் மாறியது. "கட்டை தெகிந்தம்மா, இப்புடே." கரை இப்போதுதான் உடைந்தது.

அக்கா பெயர், நைனா பெயர், ஸ்கூட்டி என்று சொன்னேன். ஆட்கள் போயிருக்கிறார்கள், பார்க்கச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. போட்ட சோறு தட்டில் காய்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இறைச்சி சுடும் வாசனை, சிரிப்புச் சத்தம். வெளியே அவ்வளவு வெயில். நைனா ஸ்டாண்டை ஒரு கையிலும் அக்காவின் தோளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "பாப்பா சொன்ன மேடு இன்னும் வரல்லியே" என்று கேட்பது போலவே இருந்தது. அவர் அக்காவின் பேச்சைக்கூட மறுத்துப் பேசுவார். என் பேச்சை மறுக்கமாட்டார். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்.

தாரா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

"அம்மா, அவங்களுக்கு ஏதாவது ஆனா என் ஃபால்ட்டாம்மா?"

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "நீ கதையில வெச்சே. நான்தான் ஊர்ல வெச்சேன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது.

6

வெயில் இறங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பாப்பா, நான்தாண்டி."

தாரா போனைப் பிடுங்கி, "பெரியம்மா! தாத்தா எங்க?" என்று கத்தினாள். தமிழில் கத்தினாள்.

"தாத்தா இங்கதாம்மா கீறாரு. டீ குடிச்சிக்கினு கீறாரு. அம்மாகிட்ட சொல்லு, அவ சொன்ன மண்டபத்துலதான் கீறோம்."

நடந்தது இதுதான். அக்கா நைனாவைப் பின்னால் உட்காரவைத்து மேற்கே போயிருக்கிறாள். மனைகள் தொடங்கியதும் தண்ணீர் சக்கரத்துக்கு மேல் ஏறி வண்டி நின்றுவிட்டது. போன் வண்டியின் பெட்டிக்குள் நனைந்து போய்விட்டது. நைனாவை முதுகில் சாய்த்து இழுத்துக்கொண்டு, தோப்பு எங்கே, மேடு எங்கே என்று தேடியிருக்கிறாள். எதுவும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நின்றபோது மழைக்குள் ஒரு கட்டடம் தெரிந்திருக்கிறது. புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம், மாடி வைத்தது. கட்டியவர்கள் வண்டி வண்டியாக மண் கொட்டித் தரையை உயர்த்தியிருந்தார்கள். பாப்பா சொன்ன மண்டபம் என்று நினைத்து அதில் ஏறியிருக்கிறாள். மேலே ஏற்கெனவே இருபது முப்பது பேர் இருந்தார்களாம். கரை தெற்குக் கோடியில் உடைந்து, தண்ணீர் வீடுகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விழுந்தது. சின்னப் பாலம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அங்கே ஒரு பால்காரரின் வண்டியை அடித்துக்கொண்டு போனது. அவரைக் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள்.

"ரோட்டுப் பக்கம் போயிருந்தா நாங்க கெடையாதுடி" என்றாள் அக்கா. அழுதாள். நானும் அழுதேன். இருவரும் அழுதது வேறு வேறு காரணத்துக்கு என்று அவளுக்கு அப்போது தெரியாது.

நைனா போனை வாங்கினார். "அங்க உக்காந்துக்கினு இம்மாந் தூரம் வழி சொன்னியே பாப்பா. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சரி நைனா" என்றேன்.

இதைக் கேட்ட இங்குள்ள தோழி ஒருத்தி, பார்த்தாயா, உன் கதை உன் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டது என்று சிலிர்த்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ கல்யாணத்துக்கு வாடகைக்கு விடக் கட்டிய மண்டபம் அது. கொட்டியது அவர்கள் மண். கரை தெற்கே உடையாமல் வடக்கே உடைந்திருந்தால்?

7

ஜனவரியில் ஊருக்குப் போனேன். தாரா தானாகவே வருகிறேன் என்றாள். அக்கா எங்களைப் பெருமையாக அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாராவை வாசலில் நின்ற நாய்க்குட்டிகள் பிடித்துக்கொண்டன. நானும் அக்காவும் பின்பக்கம் நடந்தோம். தரை மட்டமாக இருந்தது. எப்போதுமே மட்டமாகத்தான் இருந்திருக்கும். என் கால்கள் மட்டும் ஏற்றம் வரும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தன.

அங்கே வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா நின்றுவிட்டாள். "அப்போ அன்னிக்கி உனுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சேன்க்கா."

"நெஜமான்னு கேட்டேனே."

அவள் ஏரிப் பக்கம் பார்த்தாள். உடைந்த இடத்தில் புது மண் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு விடுவிடு என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். வீட்டில் எனக்கும் தாராவுக்கும் தட்டு வைத்து, களியும் கீரையும் போட்டாள். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நைனா வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அதோ வந்துகீதே, அதுதான் என் சின்னப் பொண்ணு, அதுதான் வழி சொன்னது" என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"நைனாகிட்ட சொல்லிடாதே" என்றாள் அக்கா மெதுவாக. "அந்தத் தண்ணிக்கப்புறம் அவுரு ராத்திரில தூங்கறதே அதைச் சொல்லிச் சொல்லித்தான்."

ஏழ்கரையை நான் விடவில்லை. எழுதுகிறேன். ஆனால் எங்கள் பக்கத்து நிலம் எதையும் அதற்குள் கொண்டுவருவதில்லை. கற்பனை செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று பயம் வந்து, தாராவைக் கூப்பிட்டு, "திருச்சானூர்ல நாம ஆட்டோ ஏறினமே, அங்க பூக்கடை இருந்ததா?" என்று கேட்கிறேன். அவள் போனமுறை எடுத்த படங்களைத் தேடிப் பார்த்துச் சொல்கிறாள். பாதிக்குப் பாதி இல்லை என்றுதான் வருகிறது.

நேற்று அக்கா பேசினாள் என்றேன் அல்லவா. மழை வலுத்திருக்கிறது, ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர், மாமா இந்த வாரம் வீட்டில்தான் இருக்கிறார், தளம் போட்டாயிற்று, தாரா பரீட்சை எப்படி எழுதினாள் என்றெல்லாம் பேசினோம். எங்கே கேட்டுவிடுவாளோ, கேட்டால் என்ன சொல்வது என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டே இருந்தேன். "சரி பாப்பா, வேல கீது, வெச்சிடறேன்" என்றாள்.

தண்ணீர் வந்தால் எந்தப் பக்கம் போவது என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.